மஞ்சள் பூசிய மாதிரிக்காசு

போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய காசுகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர். நாணயசாலைக்காரர்கள் பரீட்சைக்காக அடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வெளியே விடாமல் நிறுத்திக்கொண்ட தங்கக் காசுகளை மட்டும் சேர்த்து ஒரு புத்தகம் தயார் செய்கிறாராம். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது என்று திருப்பதியில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"காசு இப்ப இல்லைன்னு சொன்னாங்க சார். போட்டோவாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டார். குரலில் பரபரப்பு.

"சார், தாமரை போட்ட இந்த டிசைன்ல தங்கத்துல ஒரு காசு இருக்குன்னு நான் கேள்விப்பட்டதுகூட இல்ல. கண்டிப்பா போடுறேன். ஒரே ஒரு சின்ன விஷயம். காசு யாரோ ஒருத்தரோட கையில இருக்கு. மஞ்சள் வேற ஒட்டியிருக்கு. அந்தக் கையை எடுத்துட்டு அனுப்புறீங்களா? புத்தகத்துல கறுப்புப் பின்னணியில காசு மட்டும்தான் வரும்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரோ ஒருத்தர் கை இல்லை அது. என் வீட்டுக்காரியின் கை. அவள் இப்போது இல்லை, காசும் இல்லை. இரண்டும் சேர்ந்து இருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி ஆயுள் சித்தூர் – திருப்பதி ரோட்டில் நின்றுகொண்டே போனது. கண்டக்டருக்குக் காசுப் பைத்தியம் பிடிப்பது பெரிய அதிசயம் இல்லை. தோளில் தொங்கும் தோல் பைக்குள் நாள் முழுக்கக் கையை விட்டுக்கொண்டிருப்பவனுக்கு, எது வழக்கமான காசு, எது புதிசு என்று விரலே சொல்லிவிடும். பூ மாதிரி விளிம்பு வளைந்த பத்து பைசா, நடுவில் ஓட்டை போட்ட பழைய காலணா, வெளிநாட்டிலிருந்து மலைக்கு வந்தவர்கள் தெரியாமல் கொடுத்துவிட்டுப் போன காசு என்று எது வந்தாலும், அதற்குச் சமமான பணத்தை என் பாக்கெட்டிலிருந்து பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். வீட்டுக்காரி இதை ஆரம்பத்திலிருந்தே நல்ல கண்ணோடு பார்த்தவள் இல்லை.

"ஊர்ல இருக்கிறவன்லாம் சில்லறைய நோட்டா மாத்துறான். நீ இன்னாயா, நோட்டைச் சில்லறையா மாத்திக்கினு வர்ற?" என்பாள்.

அவள் நகரிக்காரி. பவர்லூம் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள், அதனால் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். என் காசுப் பைத்தியம் தெரு முழுக்கத் தெரிந்தது அப்படித்தான்.

திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டிபன் ஓட்டல் மாடியில் காசு சேர்ப்பவர்கள் கூடுவோம். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், இன்னும் சிலர். காசுகளைப் பரப்பிவைத்து, மாற்றி, பேரம் பேசி, சண்டை போட்டு, தோசை தின்று கலைவோம். அங்கேதான் மாதிரிக்காசு என்ற சங்கதியை முதலில் கேட்டேன்.

புதிதாக ஒரு காசு போட வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தால் எடுத்த எடுப்பில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிவிட மாட்டார்கள். படம் வரைந்து, அச்சு வெட்டி, முதலில் சில காசுகளை மட்டும் அடித்துப் பார்ப்பார்கள். எழுத்து தெளிவாக விழுகிறதா, தலை சரியாக எழும்புகிறதா, எந்த உலோகத்தில் எப்படி இருக்கிறது என்று பரீட்சை. அந்தக் காலத்தில் வெள்ளியில் வர வேண்டிய காசைத் தங்கத்திலும் ஒன்றிரண்டு அடித்துப் பெரிய துரைகளின் மேசைக்கு அனுப்புவதும் உண்டு. மேலே இருப்பவர் தலையாட்டினால் அந்த முகம் ஊர் ஊராகப் புறப்பட்டுவிடும். உதட்டைப் பிதுக்கினால் அதோடு முடிந்தது, அந்த ஒன்றிரண்டும் ஏதோ ஒரு மேசை இழுப்பறைக்குள் போய்விடும். இழுப்பறையில் இருப்பது எல்லாக் காலத்திலும் இழுப்பறையிலேயே இருப்பதில்லை. அப்படி வெளியே நழுவி வந்தவைதான் காசு சேர்ப்பவர்கள் உயிரை விடும் சரக்கு. இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பணக்காரர்கள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று பழைய அச்சுகளைத் தூசி தட்டிப் பிற்காலத்தில் மறுபடி அடித்துக் கொடுத்ததும் நடந்திருக்கிறது. எது முதலில் அடித்தது, எது பிறகு அடித்தது என்று ஆராய்வதற்குள் மனிதனுக்குக் கண் பார்வை போய்விடும்.

பேங்க் மேனேஜருக்கு இந்த இனமே பிடிக்காது. "உப்பு வாங்காத காசு என்னாங்க காசு? அது தங்கத்துல செஞ்ச பொம்மை. யாராவது ஒருத்தன் ஒரு பொருளுக்காகக் கொடுத்திருக்கணும், இன்னொருத்தன் வாங்கியிருக்கணும். அப்பதான் அது காசு" என்பார்.

பல் டாக்டர் விட மாட்டார். "வெளிய வந்த காசுலாம் அவங்க செஞ்சது. இது அவங்க நினைச்சது. மனசுல இருந்தத பாக்குறதுக்கு வேற வழி ஏது?" என்பார்.

நியாயமாகப் பார்த்தால் கண்டக்டரான நான் மேனேஜர் கட்சியில்தான் சேர்ந்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது எல்லாம் புழங்கித் தேய்ந்த காசு, வியர்வையும் வெற்றிலைச் சுண்ணாம்பும் பார்த்த காசு. ஆனால் ஆசை யாரை விட்டது? யார் கையிலும் படாத ஒன்று, "சில்லறையா குடுங்க" என்று எந்தக் கண்டக்டரும் கேட்டு வாங்காத ஒன்று, ஒரே ஒரு முறை என் கைக்கு வர வேண்டும் என்று ஏங்க ஆரம்பித்தேன். பெரிய ஏலங்களில் அது போகும் விலையைக் கேட்டால் எங்கள் டிப்போவையே விற்றாலும் போதாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடும் சமாசாரம். நான் நிறையப் பெருமூச்சு விட்டேன்.

திருப்பதிக் கடைத்தெருச் சந்தில் ஒரு நகைக்கடைக்காரர் எனக்குப் பழக்கம். பழைய நகைகளை வாங்கி உருக்குகிறவர். உருக்குவதற்கு முன்னால் காசு ஏதாவது கண்ணில் பட்டால் எனக்குக் காட்டுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம், திருப்பதியில் வண்டி நின்று அடுத்த ட்ரிப் கிளம்புவதற்குள், கூப்பிட்டார். போனேன். கண்ணாடி மேசை மேல் பழைய தோடு, அறுந்த சங்கிலித் துண்டு, மூக்குத்தி எல்லாம் குவியலாகக் கிடந்தன. ஓரமாக ஒரு காசு. யாரோ அதை மாலையில் கோத்திருக்கிறார்கள். கொக்கியை அவர் அப்போதே வெட்டி எடுத்திருந்தார், விளிம்பில் பற்றவைத்த தழும்பு தெரிந்தது.

பழைய வெள்ளி நாலணா அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணி. திருப்பினேன். வழக்கமான கொடியும் இலையும் இல்லை. இதழ் விரிந்த ஒரு தாமரை, அதன் நடுவில் எழுத்து. நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பின்பக்கம் இல்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"ஏம் அண்ணா, அப்படி சூஸ்த்தா உன்னாவ்? இன்னும் கொஞ்ச நேரத்துல பட்டறைக்குப் போயிடும்" என்றார், நான் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர்.

யாருடையது என்று கேட்டேன். நாலைந்து கை மாறி வந்தது, தெரியாது என்றார். என்னிடம் அன்று பையில் இருந்தது அரசாங்கப் பணம். என் பணம் என்று எதுவும் இல்லை. கழுத்தில் கை போனது. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட முக்கால் பவுன் செயின். அடுத்தவர் கொட்டகையில் கூலிக்குத் தறி ஓட்டியவர் அந்த மனிதர், அந்த முக்கால் பவுன் சேர்க்க எத்தனை வருஷம் ஆயிற்றோ. கழற்றித் தராசில் வைத்தேன்.

"இது பெள்ளி செயின்தானே அண்ணா? வீட்டுக்குப் போனா ஏமவுதுந்தோ ஆலோசிஞ்சியா?" என்று கேட்டார். கல்யாணச் செயின்தான், வீட்டில் என்ன ஆகும் என்பதும் தெரியும். எடைக்கு எடை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சித்தூர் வந்து சேரும்வரை யார் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

அவளுக்குக் கழுகுக் கண். செருப்பைக் கழற்றுவதற்குள் கழுத்தைப் பார்த்துவிட்டாள். நான் காசை எடுத்து நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் மேலும் கீழும் ஆட்டினாள்.

"எங்க நைனா போட்ட செயினு இதுக்குள்ளயா இருக்குது?"

"ஆமாமே."

"அப்ப இது எங்க நைனாது. நீ சும்மா வெச்சிக்கினு இரு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. கோபம் ஆறிய பிறகு அவளுக்கே அதன் மேல் ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. கோடைக் காலச் சாயங்காலங்களில், "எங்க நைனா தங்கத்த எடு, பாக்கலாம்" என்பாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, விளிம்பில் மட்டும் இரண்டு விரல் வைத்துக் காட்டுவேன். காசின் முகத்தில் விரல் படக் கூடாது, ரேகை பதிந்துவிடும். "இன்னாயா இது, புதுப் பொண்ணு கைய புடிக்கிற மாதிரி புடிக்கிற? என்னைக்கூட இப்படிப் புடிச்சதில்ல நீ" என்று சிரிப்பாள். உண்மைதான்.

மாடிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், எடை போட்டார், அளவெடுத்தார். அன்றைக்கு யாரும் தோசை சொல்லவில்லை. "தழும்பு இருக்கிறதால மதிப்பு குறையும். ஆனா நிஜமா இருக்கலாம். பிற்பாடு அடிச்சதா இருக்கலாம். நல்ல தட்டான் ஒருத்தன் செஞ்ச வேலையாவும் இருக்கலாம். பெரிய நிபுணருங்க கிட்ட அனுப்பித்தான் ஆகணும்" என்றார். அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்? அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் துணிந்து, பார்சலுக்குப் பெட்டிகூட வாங்கிவைத்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அந்த வாரம்தான் என் நெஞ்சு படுத்தது.

சந்திரகிரி தாண்டி டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது தோளிலிருந்து ஒரு வலி. கம்பியைப் பிடித்தது தெரியும், பிடி விட்டது தெரியாது. டிரைவர் எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ்ஸை நேரே திருப்பதி ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய் நிறுத்தினாராம். வண்டி நிறைய ஜனம் இருந்தும் ஒருவரும் முணுமுணுக்கவில்லையாம். ஆபரேஷன் என்றார்கள். வீட்டுக்காரி தகவல் கேட்டு ஓடி வந்து வராந்தாவில் நின்றிருக்கிறாள். வெளியே வந்த டாக்டரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவர், "தேவுடு உன்னாடம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கடவுள் இருக்கிறார் என்று டாக்டர்கள் பேச்சுக்குச் சொல்வது அது. இவள் அதை முகவரி சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அடுத்த பஸ் பிடித்துச் சித்தூர் போய், குளித்து, என் பீரோவைத் திறந்து, அந்தக் காசை உறையிலிருந்து வெளியே எடுத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மஞ்சள் தோய்த்த துணியில் முடிந்து, சாமி அலமாரியில் மலைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் இதை முடுப்பு கட்டுவது என்போம். கஷ்டம் வந்தால் ஒரு காசை முடிந்துவைத்து வேண்டிக்கொள்வது, கஷ்டம் தீர்ந்தால் அதை அப்படியே மலைக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பது. எல்லோரும் ஒரு ரூபாய்க் காசைத்தான் முடிவார்கள். பெருமாளும் இதுவரை யாரிடமும் குறைந்துபோயிற்று என்று கேட்டதாகத் தெரியவில்லை.

நான் பிழைத்து வீட்டுக்கு வந்த அன்றைக்குக் காலி உறையைப் பார்த்தேன். பிறகு சாமி அலமாரியைப் பார்த்தேன். நெஞ்சில் போட்ட தையல் அப்போதே பிரிந்துவிடும் போல இருந்தது.

"ஏன்மே, வீட்ல ஒரு ரூபா காசு இல்லியா? பீரோ நிறைய காசுதான?"

"இருக்குது. அதெல்லாம் போனா உனக்கு வலிக்குமா?" என்றாள். "உசுரக் கேக்கப் போறவ, உசுரத்தான் எடுத்துக்கினு போவணும். உன் உசுரு அதுலதான இருக்குது. அதும் எங்க நைனாது. எனக்குக் குடுக்க உரிமை இருக்குது."

"மஞ்சள் வேற பூசிட்டியேமே."

"பூசாம எப்பிடி சாமிக்கு வெப்பாங்க?"

நடக்கத் தெம்பு வரும்வரை மலைக்குப் போவது தள்ளிப்போனது. அத்தனை நாளும் அந்த மஞ்சள் முடிச்சு என் கண்ணெதிரே இருந்தது. ஒரே வீட்டுக்குள், ஒரு கை தூரத்தில். எட்டி எடுத்தால் வந்துவிடும், எடுக்கக் கூடாது. அந்தக் காசு கிடைப்பதற்கு முன்னால் ஏங்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை, வந்த பிறகு ஏங்குவதுதான் ஏக்கம் என்று அப்போது கற்றுக்கொண்டேன். ஒரு நாள் மெல்லப் பேச்சை எடுத்தேன். அதே எடைக்குப் புதுத் தங்கம் வாங்கிப் போட்டுவிடலாம், வேண்டுமானால் கூடவே போடலாம், சாமிக்கு நஷ்டம் இல்லையே என்றேன்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாம மாத்திப் போட்டா அவரும் மாத்தி எடுத்துக்குவாரு. சம்மதமா?"

அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஒரு காலையில் கிளம்பினோம். திருப்பதிவரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். தாயாரைப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும் என்பது அவள் வழக்கம். தரிசனம் முடிந்து குளத்துப் படியில் உட்கார்ந்தோம். நான் பையிலிருந்து ஒரு கறுப்பு வெல்வெட் துணியை எடுத்து விரித்தேன். மலை மேல் கோயிலுக்குள் போனை விட மாட்டார்கள், படம் எடுப்பதென்றால் இங்கேதான்.

"ஒரே ஒரு போட்டோமே. ரெண்டு பக்கமும். அப்புறம் உன் இஷ்டம்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். ஆனால் துணி மேல் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். சாமிக்கு முடிந்ததைக் கீழே வைக்கக் கூடாதாம். தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தாமரைப் பக்கம் மேலே இருந்தது. இதழ்களுக்கு நடுவில் மஞ்சள் அடைந்திருந்தது. நான் போனைக் கிட்டே கொண்டுபோனேன், இன்னும் கிட்டே. எழுத்து தெளிவாக விழ வேண்டுமே என்ற கவலை எனக்கு.

"என் மூஞ்சி வர்தாயா? தலை கலைஞ்சி கெடக்குது" என்றாள்.

"உன் மூஞ்சி எதுக்குமே இப்ப? ஆடாம இரு."

சிரித்தாள். கை ஆடியது. மறுபடி எடுத்தேன். ராணிப் பக்கம் திருப்பு என்று சொன்னதற்கு, "ஒரு பக்கம் போதும், ரொம்ப ஆச வெக்காத" என்று மறுபடி துணியில் முடிந்துவைத்துவிட்டாள்.

மலை மேல் உண்டியலுக்கு முன்னால் நின்றபோது பின்னாலிருந்து ஜனம் நெருக்கியது. "உன் கையால போடு" என்று முடிச்சை என்னிடம் கொடுத்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு அது என் கைக்கு வந்தது, துணிக்கு மேலே. விரலால் விளிம்பைத் தேடினேன். தழும்பு தட்டுப்பட்டது. தங்கம் விழும் சத்தத்தையாவது ஒரு முறை கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். துணி சுற்றியிருந்ததால் சத்தமே வரவில்லை. நகருங்க நகருங்க என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து நான் அழுதேன். அவள் லட்டை உடைத்து என் வாயில் வைத்து, "துன்னு. நீ இருக்கிற. அது போதும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரும் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேனேஜர் மட்டும் லென்ஸை உறையில் போட்டு மூடினார். பிறகு, "என் கட்சிய மாத்திக்கிறேன்" என்றார். "எதையும் வாங்காத காசு காசில்லன்னு சொன்னேன். இது வாங்கியிருக்கே. எதிர்ல உக்காந்து டீ குடிக்குது பாருங்க" என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் ஏக்கம் போகவில்லை, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அது நிஜமா, பிற்காலத்தில் அடித்ததா, தட்டான் வேலையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மற்ற தங்கத்தோடு தங்கமாக உருகிப்போயிருக்கலாம், எங்கேயாவது பத்திரமாக இருக்கலாம். அதற்குப் பிறகு மலைக்குப் போகும்போதெல்லாம் உண்டியலுக்கு முன்னால் என் கால் தானாக நிற்கும். அவள் முழங்கையால் இடிப்பாள். "இன்னா, கைய உட்டு எடுக்கலாமான்னு பாக்குறியா? அவரு பாத்துக்கினு இருக்காரு, நட."

அவள் போனது ஒரு காலை நேரத்தில். அடுப்பில் பால் இருந்தது. என்னமோ மாதிரி இருக்குது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆட்டோ வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்காக அவள் பஸ் பிடித்து ஊருக்குப் போய், குளித்து, பீரோ திறந்து, மஞ்சள் தோய்த்து முடிய நேரம் இருந்தது. அவளுக்காக ஒரு ரூபாய்க் காசை முடியக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பீரோ நிறைய காசு இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் நான் அதிகம் போவதில்லை. பஸ்ஸில் எல்லோரும் போனைக் காட்டி டிக்கெட் வாங்குகிறார்கள், கண்டக்டர் பையில் சில்லறை சத்தமும் குறைந்துபோயிற்று. இப்படி இருக்கும்போதுதான் சென்னைக்காரரின் போன் வந்தது.

வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காசு ஒரு முறை துரைகளின் மேசையில் தள்ளுபடி ஆகி, ஒரு முறை பட்டறை வாசல்வரை போய், கடைசியில் என் கையை விட்டும் போனது. ஒரு புத்தகத்தில் ஏறினால் அப்படி ஒன்று இருந்தது என்றாவது நிலைக்கும். சித்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்.

"கை வேண்டாம், காசு மட்டும்தானே அண்ணா? அதெந்த பெத்த பனியா? ரெண்டு நிமிஷ வேலை."

பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கட்டைவிரல் போனது. பிறகு ரேகைகள். ஆள்காட்டி விரலின் மடிப்பில் ஒரு கோடு உண்டு, சின்ன வயதில் நகரியில் தறிக்கு நூல் சுற்றிச் சுற்றி விழுந்தது. அது போனது. கறுப்புப் பின்னணியில் காசு மட்டும் பளபளவென்று நின்றது. தாமரை சுத்தமாக இருந்தது.

"மஞ்சளையும் எடுத்துட்டியாமா?"

"ஆமண்ணா, க்ளீன் பண்ணிட்டேன். சூப்பரா இருக்குது பாருங்க."

சூப்பராகத்தான் இருந்தது. குளத்துப் படியில் வெல்வெட் துணியோடு உட்கார்ந்து நான் ஆசைப்பட்ட படம் அதுவேதான். ஆனால் அது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற ஏதோ ஒரு காசு மாதிரி இருந்தது. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை.

அங்கிருந்தே சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். கையோடு போடுவதாக இருந்தால் போடுங்கள் என்றேன்.

"சார், மத்த காசுங்களோட செட் ஆகாது. கை தேவையில்லாத விஷயம்தானே சார்?"

"அப்ப வேணாம், உட்ருங்க" என்று வைத்துவிட்டேன்.

பழைய படம் அப்படியே இருக்கிறது, எங்கும் போகவில்லை என்று அந்தப் பெண்மணி மறுபடி திறந்து காட்டினார். பெரிதாக ஒன்று போட்டுக் கொடு, கை முழுசாகத் தெரிய வேண்டும் என்றேன். காசு ஓரத்தில் போனாலும் பரவாயில்லை.

திரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நகர்த்திப் பார்த்தார். "முழுசா வராதண்ணா. ரொம்ப கிட்ட போய் எடுத்திருக்கீங்க. சுண்டு விரலே படத்துல இல்ல, மணிக்கட்டும் இல்ல. வேணும்னா கம்ப்யூட்டர்லயே ஒரு விரல் போட்டுத் தரட்டுமா?"

"வேணாம்மா" என்றேன். "இருக்கிறத மட்டும் போட்டுக் குடு."

பிரிண்ட் சூடாக வெளியே வந்தது. அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு அடி பின்னால் நின்று எடுத்திருந்தால் சுண்டு விரல் வந்திருக்கும், வளையல் வந்திருக்கும், கலைந்த தலையோடு சிரிக்கிற முகமும் வந்திருக்கும். வர்தாயா என்று அவள் கேட்கக்கூடச் செய்தாள். நான் தாமரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.